இடைசெவலின் இரு வீடுகள்: கு. அழகிரிசாமி, கி. ராஜநாராயணன் சிறுகதைகளில் குழந்தையும் குடும்பமும்

முன்னுரை

தமிழ்ப் புனைகதை வரலாற்றில் ‘வட்டார இலக்கியம்’ என்னும் பகுப்பு நிலைபெற்றுப் பல பத்தாண்டுகள் கடந்துவிட்டன. கரிசல், கொங்கு, நாஞ்சில், தஞ்சை என நிலப்பகுதிகளின் பெயரால் படைப்பாளர்களைத் தொகுத்துக் காண்பது இலக்கிய வரலாறு எழுதுவோர்க்கும் பாடத்திட்டம் வகுப்போர்க்கும் வசதியாக அமைந்துள்ளது. ஆயினும் இப்பகுப்பு தன்னுள் ஓர் எடுகோளை மறைத்து வைத்திருக்கிறது. ஒரு நிலத்தில் பிறந்தவர்கள் அந்நிலத்தை ஒரே விதமாகக் காண்பர் என்பதே அவ்வெடுகோள். நிலம், பேச்சு, உணவு, தொழில் ஆகியவை பொதுவாக இருப்பதால் பார்வையும் பொதுவாக இருக்கும் என்று அது கொள்கிறது. தமிழகத்திற்கு வெளியேயுள்ள தமிழ்த்துறைகளில் இப்படைப்புகளைக் கற்பிக்கும்போது அருஞ்சொற்பொருள் விளக்கமே முதலிடம் பெறுவது இயல்பு. சொல் விளங்கிவிட்டால் கதையும் விளங்கிவிட்டதாகக் கொள்ளும் இடர் அங்கே மிகுதி.

இவ்வெடுகோளைச் சோதிப்பதற்கு மிகப் பொருத்தமான களம் இடைசெவல். கோவில்பட்டிக்கு அருகில், முன்னாளில் திருநெல்வேலி மாவட்டத்திலும் 1986 முதல் தூத்துக்குடி மாவட்டத்திலும் அடங்கிய சிற்றூர் இது. கு. அழகிரிசாமி, கி. ராஜநாராயணன் ஆகிய இருவருக்கும் இதுவே பிறந்த ஊர். இருவரும் ஏறத்தாழ ஒரே வயதினர். இளமை முதல் நண்பர்கள். இருவரும் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர்கள். இருவரும் ஊரையும் வீட்டையும் குழந்தைகளையும் எழுதியவர்கள். ஒரே தெருப் புழுதியில் வளர்ந்த இவ்விருவர் படைப்புகளில் குடும்பம் ஒன்றாகவே தோன்றுகிறதா என்னும் வினாவை இக்கட்டுரை எழுப்பிக்கொள்கிறது. அழகிரிசாமியின் ‘ராஜா வந்திருக்கிறார்’, ‘திரிபுரம்’, ‘குமாரபுரம் ஸ்டேஷன்’ ஆகிய கதைகளும், கி. ராஜநாராயணனின் ‘கதவு’, ‘கன்னிமை’ ஆகிய கதைகளும் ‘பிஞ்சுகள்’ என்னும் குறுநாவலும் இங்கு ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

ஓர் ஊர், இரு வாழ்க்கைகள்

இருவருக்கும் பொதுவானவற்றை முதலில் நோக்குவது தகும். இருவரின் வீட்டுமொழியும் தெலுங்கு. வீட்டுக்குள் ஒரு மொழி, தெருவில் மற்றொரு மொழி என்னும் சூழலில் வளர்ந்தவர்களே தமிழின் சிறந்த உரைநடையாளர்களாகவும் விளங்கினர். கரிசல் வட்டாரத்தை ஒற்றை மொழி வட்டாரமாகக் கருதுவோர் இவ்வுண்மையை மறந்துவிடுகின்றனர். இருவரும் இசையில் தோய்ந்தவர்கள். பழந்தமிழ் இலக்கியத்திலும் நாட்டார் வழக்காற்றிலும் ஈடுபாடு இருவருக்கும் உண்டு. அழகிரிசாமியை ஏடுகளின் வழிப்பட்ட மரபும், ராஜநாராயணனை வாய்மொழி மரபும் மிகுதியாக ஈர்த்தன.

வேறுபாடுகளும் அதே அளவு குறிப்பிடத்தக்கவை. அழகிரிசாமி கைவினைஞர் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிப் படிப்பை முடித்து, இதழ்ப்பணியை நாடிச் சென்னைக்குப் பெயர்ந்தவர். ‘சக்தி’ இதழிலும், பின்னர் மலேயாவின் ‘தமிழ் நேச’னிலும் பணியாற்றியவர். 1970இல் அவர் மறைந்தார்; அதே ஆண்டிற்கான சாகித்திய அகாதெமி விருது ‘அன்பளிப்பு’ தொகுதிக்காக அவருக்கு வழங்கப்பெற்றது. ராஜநாராயணன் உழவர் குடும்பத்தவர். உயர்நிலைப் பள்ளிப் படிப்பை நிறைவு செய்யாதவர். மழைக்கு மட்டுமே பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியதாகவும், அங்கும் மழையையே பார்த்துக்கொண்டிருந்ததாகவும் தம்மைப் பற்றி நகையாகக் கூறிக்கொண்டவர். விவசாயிகள் போராட்டங்களில் ஈடுபட்டுச் சிறை சென்றவர். நடுவயதை நெருங்கும் பருவத்தில் எழுதத் தொடங்கி, வாழ்வின் பெரும்பகுதியை ஊரிலேயே கழித்தவர். 1980களின் இறுதியில்தான் புதுவைப் பல்கலைக்கழகப் பணியை ஏற்றுப் புதுச்சேரிக்குக் குடிபெயர்ந்தார். 2021 மே 17ஆம் நாள் அங்கு மறைந்த அவரது உடல் இடைசெவலுக்குக் கொண்டுவரப்பட்டு அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடைபெற்றது.

ஆக, ஒருவர் ஊரை விட்டுச் சென்று ஊரை எழுதினார். மற்றவர் ஊரிலிருந்தபடியே ஊரை எழுதினார். நகரத்திலிருந்த நண்பர் ஊரிலிருந்தவருக்கு எழுதிய கடிதங்களைப் பிற்காலத்தில் ராஜநாராயணன் தொகுத்து வெளியிட்டமை இவ்விரு வாழ்க்கைகளுக்கும் இடையே இருந்த தொலைவுக்கும் நெருக்கத்துக்கும் ஒருசேரச் சான்றாகும். எனினும் தொலைவு ஒன்றே அவர்தம் பார்வை வேறுபாட்டுக்குக் காரணம் என்று கூறிவிட இயலாது. வீடு என்பது எது என்னும் வினாவுக்கு அவர்கள் தந்த விடையிலேயே அவ்வேறுபாடு அடங்கியுள்ளது.

உள்ளே வருபவன்: ‘ராஜா வந்திருக்கிறார்’

அழகிரிசாமியின் ‘ராஜா வந்திருக்கிறார்’ குழந்தைகளின் போட்டியில் தொடங்குகிறது. பாடப்புத்தகத்துப் படங்களை ஒப்பிடும் விளையாட்டு, யாரிடம் என்ன இருக்கிறது என்னும் உடைமைப் போட்டியாக வளர்கிறது. ஒரு பக்கம் செல்வர் வீட்டுச் சிறுவன் ராமசாமி. மறுபக்கம் ஏழைத் தாய் தாயம்மாளின் மக்களாகிய செல்லையா, தம்பையா, மங்கம்மாள் ஆகியோர். தீபாவளி நெருங்குகிறது. செல்வர் வீட்டுக்கு மருமகனாக ஒரு ராஜா வரவிருக்கிறார். அதே நேரத்தில் தாயம்மாளின் குடிசைக்கு வெளியே, உடலெங்கும் சிரங்கு படிந்த அநாதைச் சிறுவன் ஒருவன் வந்து சேர்கிறான். அவன் பெயரும் ராஜா.

தாயம்மாள் அவனை உள்ளே அழைக்கிறாள். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிறாள். தன் குழந்தைகளுக்குப் புத்தாடை உடுத்தும் வேளையில் இச்சிறுவனுக்கு என்ன செய்வது என்னும் சிக்கல் எழுகிறது. கணவனுக்கென வைத்திருந்த துண்டே அவனுக்குரிய தீபாவளி ஆடையாகிறது. இறுதியில், தங்கள் வீட்டுக்கு ராஜா வந்திருப்பதாகச் செல்வர் வீட்டுச் சிறுவன் பெருமை பேசும்போது, தங்கள் வீட்டுக்கும் ராஜா வந்திருப்பதாக மங்கம்மாள் விடை கூறுகிறாள்.

இக்கதையைத் தாய்மையின் பெருமை பேசும் கதையாகவே பலரும் வாசித்துள்ளனர். அவ்வாசிப்பு தவறன்று, ஆனால் நிறைவுடையதும் அன்று. இங்கு இரண்டு செய்திகள் உற்று நோக்கத்தக்கன. முதலாவது, தாயம்மாளின் கொடை எளிதாக நிகழ்வதில்லை. துண்டைக் கொடுப்பதற்கு முன் அவளிடம் தயக்கம் இருக்கிறது. வறுமையில் கணக்குப் பார்க்காமல் இருக்க முடியாது என்பதை அழகிரிசாமி அறிந்தே எழுதுகிறார். கணக்கைத் தாண்டிச் செல்வதாலேயே அது கொடையாகிறது. இரண்டாவது, குழந்தைகளின் உடைமைப் போட்டி இறுதியில் ஒழிந்துவிடுவதில்லை. மங்கம்மாளின் விடையும் போட்டியின் ஒரு நகர்வே. ஆயின் அப்போட்டியில் அவள் முன்வைப்பது பொருளை அன்று, விருந்தினனை. உடைமைகளைப் பட்டியலிட்டு வந்த விளையாட்டு, வந்தவர்களைப் பட்டியலிடும் விளையாட்டாக மாறிவிடுகிறது. ‘ராஜா’ என்னும் சொல்லின் பொருள் ஒரு நாளுக்குள் இடம்பெயர்ந்துவிடுகிறது.

அழகிரிசாமியிடம் வீடு என்பது உள்ளே வருபவனால் வீடாகிறது. அதன் எல்லை இரத்த உறவால் வரையப்படுவதில்லை. யாருக்குக் கதவு திறக்கிறது என்பதால் வரையப்படுகிறது. பழந்தமிழ் மரபு பேசிய விருந்தோம்பல் இங்கே செல்வரின் அறமாகவன்றி, இல்லாதவர்களின் அறமாக உருமாறியிருப்பது கருதத்தக்கது.

வெளியே போவது: ‘கதவு’

ராஜநாராயணனின் ‘கதவு’ கதையும் குழந்தை விளையாட்டிலேயே தொடங்குகிறது. லட்சுமியும் சீனிவாசனும் தெருப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு வீட்டுக் கதவில் ஏறி நின்று அதனை ஆட்டிப் பேருந்து விளையாட்டு விளையாடுகின்றனர். ஏழை வீட்டுக்குப் பொருந்தாத வலிமையுடைய பழங்கதவு அது. முன்பு வாழ்ந்த வாழ்வின் எச்சம் என்று அதனைக் கூறலாம். அக்கதவில் ஒரு படத்தை ஒட்டி மகிழ்கின்றனர் குழந்தைகள். வேலை தேடி மணிமுத்தாறுக்குச் சென்ற தந்தையிடமிருந்து செய்தி இல்லை. தாய் கூலி வேலைக்குச் சென்று கஞ்சிக்கு வழி தேடுகிறாள். தீர்வைப் பாக்கிக்காகத் தலையாரி வந்து எச்சரிக்கிறான். பின்னர் ஆட்களுடன் வந்து கதவைக் கழற்றிக்கொண்டு போகிறான். குழந்தைகள் அதனை ஊர்வலமாகக் கருதி ஆரவாரத்துடன் பின்தொடர்கின்றனர்.

அதன்பின் நிகழ்வன யாவும் கதவு இல்லாத வீட்டில் நிகழ்வன. நாய் உள்ளே புகுந்து கஞ்சியைக் குடித்துவிடுகிறது. குளிர்காற்று தடையின்றி நுழைகிறது. கைக்குழந்தையாகிய தம்பி நோயுற்று இறக்கிறான். இறுதியில், சாவடிக்குப் பின்புறம் கேட்பாரற்றுக் கிடக்கும் கதவைச் சீனிவாசன் கண்டு ஓடிவந்து சொல்ல, குடும்பம் அங்கே சென்று கதவைத் தழுவிக்கொள்கிறது.

அழகிரிசாமியின் கதையில் வெளியிலிருந்தவன் உள்ளே வருகிறான். ராஜநாராயணனின் கதையில் உள்ளிருந்தது வெளியே போகிறது. முன்னதில் வீடு திறப்பதால் நிறைகிறது. பின்னதில் வீடு திறந்து கிடப்பதால் அழிகிறது. இவ்விரு கதைகளையும் அருகருகே வைத்துக் காணும்போது, ‘கதவு’ கதை எழுப்பும் வினா கூர்மை பெறுகிறது. விருந்தினருக்குக் கதவு திறப்பதற்கு முதலில் கதவு இருக்க வேண்டும். மூடுவதற்கு உரிமையற்ற வீட்டில் திறப்பதும் அறமாகாது.

கதவைக் கொண்டு செல்பவன் தொலைவிலிருந்து வந்த அதிகாரி அல்லன் என்பதும் இங்குச் சுட்டத்தக்கது. அவன் ஊரின் தலையாரி. அரசு, ஊரின் முகத்துடனேயே வீட்டுவாசலில் வந்து நிற்கிறது. கைப்பற்றப்பட்ட கதவினால் அரசுக்கும் பயனில்லை. அது சாவடிக்குப் பின்னால் கேட்பாரற்றுக் கிடக்கிறது. ஒரு குழந்தையின் உயிரைக் காத்திருக்கக்கூடிய பொருள் யாருக்கும் பயன்படாமல் கிடப்பதைக் காட்டுவதன் வாயிலாக, எந்தக் கோபமான சொல்லும் இன்றி ஓர் ஆட்சிமுறை மீதான தீர்ப்பை ஆசிரியர் எழுதிவிடுகிறார். மணிமுத்தாறு அணை 1950களில் எழுந்தது. நாட்டு வளர்ச்சியின் பெயரால் அமைந்த ஒரு பெரும்பணி தந்தையை அழைத்துக்கொள்கிறது. அதே அரசின் தீர்வைக் கணக்கு கதவை எடுத்துக்கொள்கிறது. கதையில் ஒற்றை இடப்பெயராக வந்து செல்லும் மணிமுத்தாறு இவ்வரலாற்றைச் சுமந்து நிற்கிறது.

சொல்லும் தொடுகையும்

இரு கதைகளின் முடிவுகளும் குழந்தைகளுக்குரியவை. ஆயினும் அவை முடியும் முறை முற்றிலும் வேறானது. அழகிரிசாமியின் கதை ஒரு வாக்கியத்தில் முடிகிறது. அதன் வெற்றி மொழியின் வெற்றி. மங்கம்மாள் ஒரு சொல்லைத் தனதாக்கிக்கொள்கிறாள். பொருளால் வெல்ல இயலாத ஏழைக் குழந்தைக்குச் சொல்லால் வெல்லும் ஆற்றலை ஆசிரியர் அளிக்கிறார். ராஜநாராயணனின் கதையோ சொல்லற்ற செயலில் முடிகிறது. அங்கே யாரும் எதையும் வெல்வதில்லை. கதவு திரும்பக் கிடைத்துவிட்டதாகவும் கதை கூறுவதில்லை. கைகள் மரத்தைத் தொடுகின்றன, அவ்வளவே.

இவ்வேறுபாடு இருவரின் உரைநடையோடும் இயைந்து செல்கிறது. அழகிரிசாமியின் எடுத்துரைப்பு பெரிதும் பொதுத்தமிழில் அமைவது. அமைதியும் தெளிவும் மிக்கது. வட்டாரப் பேச்சை உரையாடல்களில் அவர் அளவோடு கையாளுகிறார். ராஜநாராயணனிடம் எடுத்துரைப்பே பேச்சாகிறது. கதைசொல்லியும் கதைமாந்தரும் ஒரே திண்ணையில் அமர்ந்திருக்கின்றனர். எனினும் ‘கதவு’ போன்ற கதைகளில், பேச்சுமொழியின் பெரும் வல்லுநராகிய அவரே துயரத்தின் உச்சியில் பேச்சை நிறுத்திவிடுகிறார் என்பது கவனத்திற்குரியது. வட்டாரச் சொற்களின் களஞ்சியமாக மட்டும் அவரைக் காணும் வாசிப்பு இம்மௌனத்தைக் கேட்கத் தவறிவிடும். 1982இல் ‘கரிசல் காட்டுச் சொல்லகராதி’யைத் தொகுத்தளித்தவர், சொல் தேவைப்படாத இடத்தையும் அறிந்திருந்தார்.

கொடுக்கும் கை: தாயம்மாளும் நாச்சியாரும்

குடும்பத்தின் நடுவில் பெண் நிற்கிறாள் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அப்பெண் எப்போது கொடுக்கிறாள் என்பதில்தான் வேறுபாடு எழுகிறது. ‘கன்னிமை’ கதையை இங்கு ஒப்பிட்டு நோக்குவது பயன் தரும்.

‘கன்னிமை’ இரு குரல்களில் அமைந்த கதை. முற்பகுதியை நாச்சியாரின் சகோதரன் கூறுகிறான்; பிற்பகுதியை அவள் கணவன் ரங்கையா கூறுகிறான். சகோதரன் காணும் நாச்சியார் கன்னிப்பெண். அவள் கை கொடுக்கும் கை. கூலியாட்களுக்கு அள்ளிக் கொடுப்பவள், வந்தவர்க்கெல்லாம் முகம் மலர உணவிடுபவள். ஊரே அவளைத் தன் பெண்ணாகக் கருதுகிறது. கணவன் காணும் நாச்சியாரோ குடும்பத்தின் வரவு செலவைக் கையில் எடுத்துக்கொண்ட இல்லத்தரசி. அவள் வந்த பின் வீடு செழிக்கிறது. ஆனால் கொடுத்த கை அளக்கத் தொடங்கிவிட்டது. தான் விரும்பி மணந்த அந்தப் பெண்ணை, நோயுற்றுக் கிடக்கும் நிலையில் கணவன் தன் மனைவியிடமே தேடுகிறான், காண இயலவில்லை.

அழகிரிசாமியிடம் கொடை தாய்மையின் விளைவு. மக்களைப் பெற்ற வயிறு, பெறாத மகனையும் அறியும். ராஜநாராயணனிடம் கொடை கன்னிமையின் இயல்பு. தாய்மையும் இல்லறமும் அதனைச் சுருக்கிவிடுகின்றன. இம்முரண் தற்செயலானது அன்று. தாயம்மாளுக்கு உடைமை என்று ஒன்றும் இல்லை. அவள் கொடுப்பது ஒரு துண்டு. நாச்சியாருக்கோ நிலமும் வீடும் கூலியாட்களும் உண்டு. பிறந்த வீட்டில் உடைமை அவளுடையதன்று. ஆதலின் அள்ளிக் கொடுக்க முடிந்தது. புகுந்த வீட்டில் உடைமை அவளுடையது. ஆதலின் அளந்து கொடுக்க வேண்டியுள்ளது. ‘கன்னிமை’ என்னும் தலைப்பு உடலைப் பற்றியது அன்று. உடைமை தீண்டாத மனநிலையைப் பற்றியது என்று கொள்வதே கதைக்குப் பொருந்தும்.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழலாம். கன்னிப் பருவத்து நாச்சியாரைப் புகழ்வதும் மனைவியான நாச்சியாரைக் குறைகாண்பதும் ஆண்களே. ஆகவே இக்கதை பெண் மீதான ஆணின் எதிர்பார்ப்பையே பேசுகிறது என்பது அம்மறுப்பு. இது வலிமையானது. நாச்சியாரின் குரல் கதையில் தனித்து ஒலிப்பதில்லை. ஆயினும் இருகுரல் அமைப்பே அம்மறுப்புக்கு இடம் தருவதாகவும் உள்ளது. சகோதரனுக்கு அவளது கொடை பெருமை; அதன் செலவு குடும்பத்தினுடையது. கணவனுக்கு அவளது சிக்கனம் ஏமாற்றம். அதன் பயன் அவனுடைய செழிப்பு. அவள் சேர்த்த செல்வத்தில் வாழ்ந்துகொண்டே அவள் சேர்த்ததற்காக ஏங்கும் ஆணின் நிலையைக் கதை மறைக்கவில்லை. வாசகர் அவனது ஏக்கத்தோடு முழுமையாக ஒன்றிவிடாதபடி இவ்வமைப்பு தடுக்கிறது.

ஊரை இழந்த குடும்பம்: ‘திரிபுரம்’

இதுவரை கூறியவற்றால், அழகிரிசாமி வீட்டைப் புகலிடமாகக் கண்ட நம்பிக்கையாளர் என்றும், ராஜநாராயணன் அதன் அழிவைக் கண்ட நடப்பியலாளர் என்றும் ஒரு முடிவுக்கு வர இயலும். ‘திரிபுரம்’ அம்முடிவைத் தகர்க்கிறது. பஞ்சத்தால் ஊரைவிட்டு வெளியேறிய தாயும் மகளும் பசியின் எல்லைக்கே சென்று, இறுதியில் மகளின் உடலை விற்று உண்ணும் நிலையை அடைவதை இக்கதை கூறுகிறது. தாய் அழுகிறாள், மகள் சிரிக்கிறாள். முப்புரத்தையும் சிரித்தே எரித்த சிவனின் தொன்மத்தை நினைவூட்டும் தலைப்பு அச்சிரிப்புக்கு அச்சந்தரும் பொருளைத் தந்துவிடுகிறது.

தாயம்மாளைப் படைத்த அதே கை இத்தாயையும் படைத்துள்ளது. தாய்மை இயற்கையாகவே கொடைத்தன்மை உடையது என்னும் நம்பிக்கை அழகிரிசாமியிடம் நிலையான கொள்கையாக இருந்திருந்தால் ‘திரிபுரம்’ பிறந்திராது. தாயம்மாளின் கொடை அவளுக்கு ஒரு குடிசையாவது இருந்ததால் நிகழ்ந்தது; ஊருக்குள் அவளுக்கு ஓரிடம் இருந்ததால் நிகழ்ந்தது. அவ்விடம் பறிபோனால் தாய்மையும் பறிபோகும் என்பதே ‘திரிபுரம்’ உணர்த்தும் கொடிய உண்மை. இவ்வகையில் ‘திரிபுரம்’ கதையும் ‘கதவு’ கதையும் ஒன்றையொன்று நெருங்குகின்றன. கதவை இழந்த வீடு ஒரு குழந்தையை இழக்கிறது. ஊரை இழந்த தாய் தன் மகளை இழக்கிறாள். எனினும் நெருங்கும் இடத்திலும் வேறுபாடு மறையவில்லை. ராஜநாராயணனின் மாந்தர் இழப்பிற்குப் பின்னும் ஒருவரையொருவர் இழப்பதில்லை. மூவரும் சேர்ந்தே கதவைத் தழுவுகின்றனர். அழகிரிசாமியின் மாந்தர் உயிரோடிருந்தும் பிரிந்துவிடுகின்றனர். அழுகையும் சிரிப்பும் ஒன்று சேர்வதில்லை.

வீட்டிலிருந்து பள்ளிக்கு: ‘குமாரபுரம் ஸ்டேஷ’னும் ‘பிஞ்சுக’ளும்

குழந்தை வளர்வது என்பது வீட்டைவிட்டு ஓரடி வெளியே வைப்பது. அவ்வோரடி எத்திசை நோக்கியது என்பதிலும் இருவரும் வேறுபடுகின்றனர். ‘குமாரபுரம் ஸ்டேஷன்’ கதையின் களம் இடைசெவலை அடுத்த சிறு இரயில் நிலையம். ஊரென்று சொல்ல ஒன்றுமில்லாத வெட்டவெளியில் இத்தகைய நிலையம் எதற்கு என்று நினைக்கும் தலைமையாசிரியர் ஒருவர், கோவில்பட்டி உயர்நிலைப் பள்ளியில் சேர்வதற்காக நுழைவுத் தேர்வெழுதச் செல்லும் கிராமத்துச் சிறுவர்களை அங்கிருந்து புறப்படும் இரயிலில் சந்திக்கிறார். வெற்றிடமாகத் தோன்றிய நிலையம் கிராமத்தின் வாயிலாக அவருக்குப் புலப்படுகிறது. இங்கே கல்வி இரயிலில் வருகிறது. வீட்டை விட்டுச் செல்லும் குழந்தைக்கு உலகம் திறக்கிறது. கற்பிக்க வேண்டியவரே கற்றுக்கொள்பவராக மாறுவது கதையின் நுட்பம்.

இலக்கியச் சிந்தனைப் பரிசு பெற்ற ‘பிஞ்சுகள்’ குறுநாவலில் சிறுவன் வெங்கடேசு மரங்களுக்கும் பறவைகளுக்கும் இடையே வளர்கிறான். முட்டைகளைத் தேடுவதும், பறவைகளின் பெயரையும் பழக்கத்தையும் அறிந்துகொள்வதும், அவற்றை அறிந்த பெரியவர்களின் பின்னால் அலைவதும் அவனுடைய கல்வி. அக்கல்விக்குப் பாடநூல் இல்லை. ஆனால் ஆசிரியர்கள் உண்டு. இங்கே உலகம் இரயிலில் வருவதில்லை; காலடியில் கிடக்கிறது. பள்ளிக்கு அப்பால் உள்ள அறிவின் பதிவாக இப்படைப்பு விளங்குகிறது.

பள்ளிப்படிப்பு முடித்து வெளியேறியவர் இரயில் நிலையத்தைப் பாடியதும், பள்ளியில் நில்லாதவர் பறவைக்கூட்டைப் பாடியதும் வாழ்க்கை வரலாற்று நோக்கில் எளிதில் விளக்கக்கூடியவை. ஆனால் இவற்றை ஒன்றற்கொன்று எதிரானவை எனக் கொள்ளுதல் பொருந்தாது. இரண்டும் சேர்ந்தே ஒரு கரிசல் சிறுவனின் வளர்பருவம் முழுமையாகிறது. கிராமத்துக் குழந்தைக்குக் கல்வி வேண்டும் என்பது எத்துணை உண்மையோ, அக்கல்வி அவன் முன்னரே அறிந்தவற்றை அறியாமை எனப் பெயரிட்டுவிடக் கூடாது என்பதும் அத்துணை உண்மை.

வட்டாரம் என்னும் அளவுகோல்

கரிசல் இலக்கியத்தின் ‘முன்னத்தி ஏர்’ என்று ராஜநாராயணன் போற்றப்படுகிறார். அப்பெயர் அவருக்கு முற்றிலும் தகும். 1991இல் ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தபோது கரிசல் எழுத்துக்கு நாடளாவிய ஏற்பும் கிடைத்தது. ஆனால் முன்னத்தி ஏர் ஓட்டிய அதே சாலில் அனைவரும் உழுவர் என்று எதிர்பார்க்கும்போது, அழகிரிசாமி கரிசலுக்குள்ளும் அடங்காமல் வெளியிலும் நிற்காமல் தடுமாறும் நிலை உண்டாகிறது. பொதுத்தமிழில் எழுதியதால் அவர் வட்டார எழுத்தாளர் அல்லர் எனக் கொள்வோர் உளர். இடைசெவலில் பிறந்ததால் அவரும் கரிசல் எழுத்தாளரே எனக் கொள்வோரும் உளர். இரு தரப்பாரும் வட்டாரத்தைப் பேச்சுமொழியாகவோ பிறப்பிடமாகவோ மட்டுமே அளக்கின்றனர்.

மேற்கண்ட கதைகள் வேறொரு அளவுகோலைக் கோருகின்றன. வட்டாரம் என்பது விடையன்று. அது ஒரு வினா. கரிசல் மண் இவ்விருவருக்கும் ஒரே வினாவைத்தான் அளித்தது. இல்லாமைக்கு நடுவில் ஒரு குடும்பம் எவ்வாறு குடும்பமாக நிலைத்திருக்கிறது என்பதே அவ்வினா. ஒருவர் அதனைக் கொடையின் வழி அணுகினார். மற்றவர் பறிப்பின் வழி அணுகினார். ஒருவர் வீட்டிற்குள் நுழையும் மனிதனைக் கண்டார். மற்றவர் வீட்டைவிட்டு வெளியேறும் பொருளைக் கண்டார். வினா ஒன்றாயிருப்பதால் அவர்கள் ஒரே வட்டாரத்தவர். விடை வேறாயிருப்பதால் அவர்கள் கலைஞர்கள்.

இவ்வகையில் நோக்கும்போது, தமிழகத்திற்கு வெளியே இக்கதைகளைக் கற்கும் மாணவர்க்கும் அவை அயன்மைப்படுவதில்லை. தலையாரி, சாவடி, தீர்வை ஆகிய சொற்களுக்கு விளக்கம் தேவைப்படலாம். கதவு இல்லாத வீட்டில் உறங்கும் குழந்தைக்கு விளக்கம் தேவையில்லை. அருஞ்சொற்பொருள் வாசலைத் திறந்துவிடும்; வாசலிலேயே நின்றுவிடாதிருப்பது கற்பிப்போர் கடமை.

முடிவுரை

இக்கட்டுரையில் ஒப்பிடப்பட்ட படைப்புகளால் சில முடிவுகள் பெறப்படுகின்றன. ஒரே ஊரில் பிறந்து, ஒரே வறுமையைக் கண்டு, ஒரே பருவத்துக் குழந்தைகளை எழுதிய இருவர் குடும்பத்தை வெவ்வேறாகக் கண்டுள்ளனர். அழகிரிசாமியிடம் குடும்பத்தின் எல்லை விரிகிறது. அதன் ஆற்றல் கொடையிலும் சொல்லிலும் வெளிப்படுகிறது. அதன் வீழ்ச்சி ஊரை இழக்கையில் நிகழ்கிறது. ராஜநாராயணனிடம் குடும்பத்தின் எல்லை தகர்க்கப்படுகிறது. அதன் ஆற்றல் தொடுகையிலும் உடனிருப்பிலும் வெளிப்படுகிறது. அதன் வீழ்ச்சி உடைமை பெருகுகையிலும் உடைமை பறிக்கப்படுகையிலும் ஒருசேர நிகழ்கிறது. பெண்ணின் கொடையைத் தாய்மையோடு இணைப்பவர் ஒருவர். கன்னிமையோடு இணைப்பவர் மற்றவர். வளரும் சிறுவனுக்கு இரயிலைக் காட்டுபவர் ஒருவர். பறவையைக் காட்டுபவர் மற்றவர்.

இவ்வேறுபாடுகளைக் கரிசல் என்னும் ஒற்றைச் சொல்லால் மூடிவிடும்போது இரு கலைஞர்களும் சிறுத்துப்போகின்றனர். ஊரின் பெயரால் எழுத்தாளரை அறிவது தொடக்கமாகலாம், முடிவாதல் கூடாது. அநாதைச் சிறுவனை உள்ளே அழைத்த குடிசையும், கதவை இழந்து நின்ற வீடும் ஒரே ஊரில்தான் இருந்தன. அவற்றுள் ஒன்றை மட்டும் கண்டு இடைசெவலைக் கண்டுவிட்டதாகக் கூற இயலாது.